சலத்தைப் பற்றிக் கேட்கும் விதம்: திருகோணமலை கிளினிக் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4

"சலம் (சிறுநீர்) கட்டுப்பாடின்றி வெளியேறுகிறதா?" என்று படிவத்தில் உள்ளபடி வாசித்தால் பதில் "இல்லை"தான். பக்கத்துக் கதிரையில் மாமி இருந்தால் அதுவும் வராது, தலையாட்டல் மட்டும். ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டு, கேள்வியை உடைத்துக் கேட்க வேண்டும். "இருமக்குள்ள, தும்மக்குள்ள உடுப்பு நனையுதா அம்மா?" "அந்தரப்பட்டு ஓடியும் கக்கூசுக்குப் போறதுக்குள்ள போயிருதா?" "பஸ் ஏறுற நாளில தண்ணி குடிக்காம விடுறீங்களா?" மூன்றாவது எங்கள் படிவத்தில் இல்லை, மறைப்பவர்களைக் காட்டித் தருவது அதுதான். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இன்னொன்று: தொழுகைக்குத் திரும்பத் திரும்ப ஒழு எடுக்க (கை, முகம், கால் கழுவிச் சுத்தமாக) வேண்டி வருகிறதா?

'ஆம்' என்றால் புள்ளி போடலாம். கடந்த 4 கிழமைக்கு: எத்தனை தடவை 0–5, எவ்வளவு 0–6, வாழ்க்கையை எவ்வளவு குழப்புகிறது 0–10. மொத்தம் 21.

ஆகஸ்ட் 6

சலத்தில் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் போத்தலைத் திறந்து வைக்கக் கூடாது. கடற்காற்றின் ஈரம் பட்டால், கிருமியைக் காட்டும் நைற்றைற்றுக் கட்டம் பொய்யாக இளஞ்சிவப்பாகும். தோய்த்து எடுத்து, விளிம்பைத் துடைத்து, கிடையாகப் பிடித்து, போத்தலில் போட்டிருக்கும் செக்கன் கணக்கில் வாசிக்க வேண்டும். நைற்றைற்று உருவாகச் சலம் சலப்பையில் சுமார் 4 மணித்தியாலம் தங்க வேண்டும். மணிக்கொரு தரம் போகிறவருக்குக் கிருமி இருந்தும் நெகடிவ் வருவது அதனால்தான். எரிவு இருந்தால் ஸ்ட்ரிப்பை மட்டும் நம்பாமல் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்புவது நல்லது.

சீனிக் கட்டம் நிறம் மாறினால் குளிசைகளைப் பார்க்கவும். எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சீனி வருத்தக் குளிசை குடிப்பவருக்கு அது எப்படியும் மாறும், சலமும் கூடும்.

ஆகஸ்ட் 7

கண்ணுக்குத் தெரியும் இரத்தம், அடிவயிற்றில் கட்டி, போய் முடிந்தும் உப்பலான அடிவயிறு: இவர்களுக்கு இடுப்புத்தளப் பயிற்சி வகுப்பு இல்லை, உடனே வைத்தியசாலைக் கடிதம்.

ஆகஸ்ட் 12

எப்போது, எவ்வளவு போனது என்று வீட்டில் எழுதும் 3 நாள் சலக் குறிப்பேடுகள் திரும்பி வந்தன. அளவுக்கு, மேல்பாகம் வெட்டி 100 மி.லீ.க்கு ஒரு கோடு போட்ட சோடாப் போத்தலே போதும். வழக்கமான பிழை ஒன்று: விடிய எழும்பியதும் போகும் முதல் சலத்தைப் பகற்கணக்கில் எழுதுவது. அது இராச் சலம். நாள் முழுதும் 1500 மி.லீ., அதில் இராவில் 250, விடியப்புறம் 350 என்றால் இராப்பங்கு 40 சதவீதம். 65 வயதுக்கு மேல் 33 தாண்டினால் குற்றம் சலப்பையில் இல்லாமலும் இருக்கலாம். கால் வீக்கத்தையும், பின்னேரம் குடிக்கும் பிளேன்டீயையும், சலம் கூட்டும் பிரஷர் குளிசையையும் விசாரிக்க வேண்டும்.

வறண்ட கச்சான் காற்றடிக்கும் நாளில் வயலில் வியர்த்து நின்றவரின் மொத்தச் சலம் குறைவாகத்தான் இருக்கும். வேலைநாள், ஓய்வுநாள் இரண்டும் குறிப்பில் வேண்டும்.

ஆகஸ்ட் 14

இருமினால் கசிபவர்களுக்கு இடுப்புத்தளப் பயிற்சி (சலப்பையைத் தாங்கும் தசைகளை இறுக்கி விடுவது): ஒரு தரத்துக்கு 8 இறுக்கல், நாளைக்கு 3 தரம், குறைந்தது 3 மாதம். துண்டுப்பிரசுரத்தை மட்டும் கொடுத்தனுப்பினால் பலர் மூச்சைப் பிடித்துக் கீழே முக்குகிறார்கள். அது கசிவைக் கூட்டும். மேலே இழுக்கிறாரா என்று விரல் பரிசோதனையில் பார்த்த பிறகே வீட்டுக்கு விட வேண்டும்.