லுண்டில், எண் வரும் வரை

ஆகஸ்ட் 20, 2024, செவ்வாய்

ஸ்வீடனுக்குப் படிக்கக் கிளம்பியவள் முதலில் இறங்கியது டென்மார்க்கில். லுண்டுக்குப் பெரிய விமான நிலையம் என்றால் கோபன்ஹேகன்தான் பக்கம். அங்கேயே ரயில். கொஞ்ச தூரம் கடலுக்கு அடியில் சுரங்கம், அப்புறம் 2000-இல் திறந்த ஓரசுண்ட் பாலம். நடுக்கடலில் காற்றாலைகள் வரிசையாக நின்றன. ஆரல்வாய்மொழியில் பார்த்த கண்ணுக்குக் காற்றாலை புதிதில்லை, கடலுக்குள் நிற்பதுதான் புதிது. ஹில்லி ஸ்டேஷனில் போலீஸ் ஏறி பாஸ்போர்ட் பார்த்தார்கள்.

கிளம்பும் முன் அப்பா திருநெல்வேலியில் அலைந்து குரோனர் நோட்டு மாற்றிக் கொடுத்திருந்தார். லுண்டில் டவுன் பஸ் டிரைவர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். இங்கே பஸ்ஸில் காசே வாங்குவதில்லை. கார்டு அல்லது ஆப். ஐரோப்பாவிலேயே முதன்முதலாகக் காகித நோட்டு அச்சடித்த நாடு இது, 1661-இல். அந்த நாட்டில்தான் இன்று நோட்டை நீட்டினால் விநோதமாகப் பார்க்கிறார்கள்.

இரவு எட்டு மணிக்கும் வெயில். அம்மா போனில், "ஏளா, சாப்ட்டியா?" பன்னும் தயிரும் என்று சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

தங்கியிருக்கும் இடம் டெல்ஃபி, மாணவர் குடியிருப்பு. நீளமான தாழ்வாரம், இருபுறமும் அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. அடுத்த அறையில் ஜப்பானியப் பெண்.

விசாவுக்கு மாதம் 10,314 குரோனர் வீதம் கணக்கில் காட்டச் சொன்னார்கள். எட்டால் பெருக்கினால் எண்பத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அன்றிலிருந்து எதைத் தொட்டாலும் எட்டால் பெருக்குகிறேன். ஒரு காபியைப் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கடையை விட்டு வெளியே வந்தேன்.

கதவில் என் பெயரை ஒட்டச் சொன்னார்கள். பெயர் இல்லாத கதவுக்குத் தபால் வராதாம். மார்க்கரால் பெரிதாக எழுதி ஒட்டியாயிற்று.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பேராலயத்தில் பழைய வானியல் கடிகாரம் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் செய்தது. பகல் பன்னிரண்டுக்கு மேலே குட்டிக் கதவு திறந்து, மர ராஜாக்கள் மூன்று பேர் மாதாவுக்கு வணக்கம் வைத்துக்கொண்டே போகிறார்கள். அதைவிட எனக்குக் கீழே இருந்த நாள்காட்டித் தகடு பிடித்தது. 1923-இல் பழுது பார்த்தபோது 2123 வரைக்கும் போட்டு வைத்துவிட்டார்கள். இருநூறு வருஷத்துக்கு ஒரேயடியாக எழுதிவைக்கிற ஆட்கள்!

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்று முக்கியமான வேலை: எனக்கு ஓர் எண் கேட்டு விண்ணப்பிப்பது.

பேர்சூன்நும்மர் என்கிறார்கள். 1947 முதல் இருக்கிறது. பிறந்த தேதி, அதன் பின் நான்கு இலக்கங்கள். அந்த நான்கில் மூன்றாவது பெண்ணுக்கு இரட்டைப்படை, ஆணுக்கு ஒற்றைப்படை. கடைசி இலக்கம், மற்றவற்றில் ஏதும் தப்பியிருந்தால் காட்டிக்கொடுப்பதற்கு. இதைத் தருவது வரித்துறை. நம் ஊரில் வரித்துறை என்றால் அப்பா ஜூலை மாதம் புலம்புவதோடு சரி. இங்கே பிறப்பு, பெயர் மாற்றம், முகவரி எல்லாமே அவர்கள் பதிவேட்டில்தான். 1991 நடுப்பகுதி வரை இந்த வேலையைச் செய்தது சர்ச். பழைய ஊர்க் கணக்குகள் எல்லாம் பாதிரியார் கையெழுத்தில்தான் இருக்குமாம்.

பக்கத்து நகரம் மால்மோவில் உள்ள வரித்துறை அலுவலகம் போய் டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, சேர்க்கைக் கடிதம், முகவரி. கவுண்டரில் இருந்த அம்மா அவசரமே இல்லாமல் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு, தபாலில் வரும், சில வாரங்கள் ஆகலாம் என்றார். அவ்வளவுதான். ஊரில் இப்படி ஓர் அலுவலகத்தில் நான்கு பேரிடம் கெஞ்சியிருப்பேன். இங்கே கெஞ்சவும் ஆளில்லை, கெஞ்சினாலும் எதுவும் முன்னால் நகராது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், இதுதான். ஆனால் காத்திருக்கும்போது அப்படித் தோன்றவில்லை.

அந்த எண் வந்தால்தான் வங்கிக் கணக்கு சுலபமாகும். வங்கி கொடுத்தால்தான் போனில் பேங்க்ஐடி, நான்தான் நான் என்று காட்டும் மின் அடையாளம். அது இருந்தால்தான் ஸ்விஷ், நம் ஜிபே மாதிரி. சமையலறைக்குப் பொதுவாக வாங்கிய எண்ணெய்க்கு என் பங்கைக் கொடுக்க முடியவில்லை, எல்லோரும் ஸ்விஷ். நோட்டை நீட்டினேன், சிரித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஜப்பான்காரிக்கு அந்தக் கவலையே இல்லை. அவள் ஒரு செமஸ்டர்தான் இருப்பாள். ஒரு வருஷமாவது தங்குகிறவர்களுக்குத்தான் எண்.

செப்டம்பர் 2, திங்கள்

முதல் வகுப்பு. நீர்வளப் பொறியியல். அட்டவணையில் பத்து மணி என்று போட்டிருந்தால் பத்தேகாலுக்குத்தான் ஆரம்பம். இது தெரியாத நாங்கள் சில இந்தியர்கள் மட்டும் காலி அறையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 1960-களின் கடைசியில் நாடே மரியாதைப் பட்டங்களைத் தூக்கிப் போட்டுவிட்டதாம். மெயிலில் கை எழுதிவிடுகிறது, நேரில் வாய் வரவில்லை. "எக்ஸ்கியூஸ் மீ" என்று சமாளித்தேன். தேர்விலும் விடைத்தாளில் பெயர் கிடையாது, எண்தான். திருத்துகிறவருக்கு யார் எழுதியது என்றே தெரியாது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

அப்புறம் தண்ணீர். வந்த நாளிலிருந்து குழாயைத் திறந்து குடித்துக்கொண்டிருக்கிறேன். அது வடக்கே ஸ்மோலாந்தில் இருக்கும் போல்மென் ஏரியிலிருந்தும் வருகிறது என்று இன்றுதான் தெரிந்தது. பாறையைக் குடைந்து 80 கிலோமீட்டர் சுரங்கம், 1987-இல் முடித்தது. பம்ப் கிடையாது, சரிவிலேயே ஓடிவருகிறது. எங்கள் தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்வதற்குள் ஓடும் தூரமே ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான். அதில் பாதிக்கு மேல் பூமிக்கடியில் ஓர் ஆறு, மேலே இருப்பவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கூட நான் கேட்கவில்லை. இடைவேளையில் வகுப்புத் தோழன் ஒருவனிடம் கேட்டேன். இந்த ஊர்ப்பக்கம் பிறந்தவன். அவனுக்கும் இன்றுதான் தெரியுமாம்.

செப்டம்பர் 7, சனி

மால்மோவில் மொல்லவோங்கன் சந்தை. கட்டுக் கட்டாகக் கொத்தமல்லி, பச்சை மிளகாய், வெண்டைக்காய். காய் விற்றவர் அரபியில் கூவிக்கொண்டே நோட்டை வாங்கிச் சில்லறை கொடுத்தார். அப்பாவின் நோட்டு ஒருவழியாகச் செலவானது! பொன்னி அரிசி கிடைக்கவில்லை.

திரும்பும் ரயிலில் என் பையிலிருந்த வெண்டைக்காயைப் பார்த்து ஓர் அம்மா, "பிள்ளை தமிழோ?" என்றார். யாழ்ப்பாணம். முப்பது வருஷத்துக்கு மேலாக டென்மார்க்கில் ஹெர்னிங் பக்கம், மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். குளிரைப் பற்றிக் கேட்டேன்.

"குளிர் ஒண்டும் செய்யாது பிள்ளை, உடுப்புப் போட்டால் சரி. நவம்பர் இருட்டுத்தான் ஆளை விழுத்தும். அறைக்குள்ள கிடவாதை, மத்தியானம் வெளிய போய் நட."

வந்ததிலிருந்து கேட்ட அறிவுரைகளில் உருப்படியானது இதுதான். வேறு யாரும் கேட்காமல் எதுவும் சொல்வதில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

சைக்கிள் வாங்கியாயிற்று, பழையது. விளக்கில்லாமல் இருட்டில் ஓட்டினால் அபராதம் என்றார்கள். அதையும் வாங்கினேன்.

செப்டம்பர் 26, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. எண்ணைப் பார்த்ததும் முதலில் கடைசி இலக்கத்தை நானே கணக்குப் போட்டுச் சரிபார்த்தேன். சரியாக வந்தது.

ஆனால் எண் மட்டும் போதாதாம், அடையாள அட்டையும் வேண்டும். அதையும் தருவது வரித்துறைதான். போட்டோ எடுப்பார்கள், உயரம் அளப்பார்கள், கட்டணம் 400 குரோனர். அப்பாவிடம் சொன்னேன். அவரும் இப்போது எட்டால் பெருக்கப் பழகிவிட்டார்.

"மூவாயிரத்து இருநூறா? ஆதாருக்கு நான் பைசா குடுக்கலையேம்மா!"

அடுத்த செவ்வாய் மால்மோவில் நேரம் கிடைத்திருக்கிறது. வங்கி அதற்கப்புறம்.