‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’

அம்மா விழுந்தது மாமா மகள் கல்யாணத்தில், 2023 ஆவணியில். பந்தி முடிந்து கை கழுவப் போனார். வாஷ்பேசின் வரிசைக்கு முன்னால் வழவழ டைல்ஸ். தண்ணீர் ஓட வாட்டம் இல்லை, மிதியடி இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. 67 வயதில் இடுப்புப் பக்கம் தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. ஆபரேஷன், 11 நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் வாக்கர். வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அதற்கு முன்பே நடந்துவிட்டது. கேஷுவாலிட்டியில் “எப்படி விழுந்தாங்க?” என்று கேட்டபோது சித்தப்பா, “வீட்ல வழுக்கி விழுந்துட்டாங்க” என்று சொல்லிவிட்டார். மண்டபம் என்றால் போலீசுக்குத் தகவல் போகும், கல்யாண நாளில் அது எதற்கு என்ற நல்லெண்ணம்தான். அது அப்படியே ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரி வரை வந்துவிட்டது. திருத்தித் தரச் சொல்லி மூன்று முறை போனேன். “பேஷண்ட் கூட வந்தவர் சொன்னதைத்தான் எழுதுவோம்” என்று மூன்று முறையும் அதே பதில். தயவுசெய்து, யார் கூட்டிக்கொண்டு போனாலும் விழுந்த இடத்தை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள்.

மண்டபத்தில் கேட்டால் “தண்ணி கொட்டினது சமையல் ஆளுங்க” என்றார்கள். சமையல் கான்ட்ராக்டரோ “தரை மண்டபத்துக்காரங்களோடது” என்றார். எங்கள் வக்கீல் நஷ்டஈடு கேட்டு இரண்டு பேருக்கும் நோட்டீஸ் அனுப்பி, இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்தார். ஒருவரை மட்டும் சேர்த்திருந்தால் அவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டுப் போயிருப்பார்.

சிவில் கோர்ட்டுக்குப் போகாமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். மண்டபம் திண்டுக்கல் பக்கம், நாங்கள் வேறு மாவட்டம். ஆனால் 2019 சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். மண்டப வாடகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. முதல் முறை பக்க எண் போடவில்லை என்று திருப்பினார்கள். அதைச் சரிசெய்துகொண்டு போனால், எதிர்தரப்பு இரண்டு பேர், புகார் நகல் ஒரு செட் குறைகிறது என்றார் அதே குமாஸ்தா. முதல் நாளே சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு இரண்டு நாள் லீவு போனதுதான் மிச்சம்.

“இவர் எங்களுக்குப் பணம் கட்டவில்லை, நுகர்வோரே இல்லை” என்பதுதான் மண்டபத்தின் பெரிய வாதம். பணம் கட்டியவரின் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதைக் காட்ட மாமா பேரில் இருக்கும் ரசீது வேண்டும். மண்டபக்காரர் மாமாவுக்குப் பழக்கம், சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் வேறு. நான்கு மாதம் “தேடிப் பார்க்கிறேன் மாப்ளே” என்றே போயிற்று. கடைசியில் அத்தைதான் பீரோவிலிருந்து எடுத்து, மாமா ஊரில் இல்லாத நாளில் கொண்டுவந்து கொடுத்தார். பின்பக்கம் ‘விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது, வக்கீலோ இதை அச்சடித்துவிட்டால் தப்பித்துவிட முடியுமா என்று சிரித்தார்.

சரி, ‘வீட்டில்’ என்ற வரிக்கு என்ன செய்வது? மண்டபத்து வக்கீல் ஒவ்வொரு வாய்தாவிலும் அதைத்தான் வாசித்தார். காப்பாற்றியது கல்யாண வீடியோ. ஆல்பத்தில் சேர்க்காத பகுதிகளையும் போட்டோக்காரர் நல்லவேளையாக அழிக்கவில்லை. பந்திக் காட்சியின் ஓரத்தில், ஈரத் தரையில் அம்மா உட்கார்ந்திருப்பதும் நாலு பேர் தூக்குவதும் தெளிவாக இருந்தது, நேரத்தோடு. அவரிடம் மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழில் கையெழுத்து வாங்கிச் சேர்த்தோம். சித்தப்பாவும், தான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார். பாவம், நோட்டரி முன்னால் கண் கலங்கிவிட்டார்.

சமையல் கான்ட்ராக்டர் பதில் போடாமலே இருந்துவிட்டு இரண்டு மாதம் கழித்து வக்கீலோடு வந்தார். பதிலுக்கு 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லியாயிற்று. அவர் பதில் ஏற்கப்படவில்லை. அன்று கேன்டீனில் நானும் வக்கீலும் சாப்பிட்ட வடைக்குத் தனி ருசி.

உத்தரவு போன வருடம் வந்தது: மருத்துவச் செலவு 2,86,000 ரூபாயும், வலிக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு லட்சமும், இருவரும் சேர்ந்து தர வேண்டும். பிசியோதெரபிக்கு வீட்டுக்கு வந்த பெண்ணிடம் நாங்கள் ரசீது வாங்கவே இல்லை. அந்த 40,000 போயிற்று. மேல்முறையீடு செய்யப்போவதாக மிரட்டினார்கள். அதற்குப் பாதித் தொகையை முதலில் கட்ட வேண்டும் என்று தெரிந்ததும் பேச்சு அடங்கியது. 45 நாள் கடந்தும் பணம் வராததால் நிறைவேற்று மனு போட்டோம். நோட்டீஸ் போன வாரமே செக் வந்தது.

மாமா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அம்மாவிடம் பேசுகிறார்.