எண்ணிக்கைக்காகவா டீச்சர்?

பிள்ளைங்க எண்ணிக்கை குறஞ்சா உங்களுக்கு கஷ்டம்னு தான், மக நல்லா வருவான்னு அன்னைக்கு சொன்னீங்களா டீச்சர்னு ஒரு அப்பா எங்கிட்ட கேட்டாரு. 2023 ஜனவரி. கோபமா கேட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்த திருப்பிச் சொல்லி முடிச்சிருப்பேன், அவரு மீன் விலை கேக்குற மாதிரி ரொம்ப சாதாரணமா கேட்டாரு. நான் "அப்பிடியெல்லாம் இல்ல"ன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. சொல்றதுக்கு இருந்துச்சு, வாயத் திறக்க முடியல. எழுதினாலாவது தீருமான்னு பாக்கேன்.

நம்ம கன்னியாகுமரி மாவட்ட மேற்குக் கடலோரத்துல, தூத்தூர் வள்ளவிளை பக்கமெல்லாம், வேல பாத்தவங்களுக்கு இது தெரியும். அப்பாமாரப் பாக்கணும்னா ஜூன் ஜூலை தான். ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் தடைக்காலம், போட் போகாது, எல்லா அப்பாவும் வீட்டுல நிப்பாங்க, மீட்டிங்னு சொன்னா வெள்ள வேட்டி உடுத்திட்டு வந்து பெஞ்சுல இருப்பாங்க. ஆனா அப்போ தான் ஸ்கூல் திறந்திருக்கும், பிள்ளையப் பத்தி சொல்ல எங்ககிட்ட ஒண்ணும் இருக்காது, பாதிப் பிள்ளைங்க பேரே மனசுல நின்னிருக்காது. முதல் பருவம் முடிஞ்சு சொல்றதுக்கு விஷயம் சேரும்போது அப்பா ஆழ்கடல்ல இருப்பாரு. கொச்சி ஹார்பர்ல போட் கரை பிடிச்சா தான் போன் எடுக்கும். அதனால வருஷம் முழுக்க நாங்க 'பெற்றோர்'னு ரெஜிஸ்டர்ல எழுதுறதெல்லாம் அம்மாவத் தான், அதுவும் இல்லன்னா பாட்டிய.

அந்தப் பிள்ள மூணாம் கிளாஸ். 2020 ஆகஸ்ட்ல, கொரோனா சமயத்துல, ஒண்ணாம் கிளாஸ் பேரு சேத்தாங்க, பேரு தான் சேந்துச்சு, பிள்ள ஸ்கூலப் பாக்கல. சின்னக் கிளாஸுக்கு கதவு திறந்தது 2021 நவம்பர் 1, அப்போ அவ ரெண்டாம் கிளாஸ் ஆயிட்டா. 2022 ஜூன்ல, கொரோனாவுல விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் பிடிக்க எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, முதல்ல ஆப்ல போட்ட மதிப்பீட்டுல அவ அரும்பு. அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை, மூணாம் கிளாஸ் பிள்ள மலர்ல நிக்கணும். அவ மட்டுமில்ல, அந்த வருஷம் அந்த கிளாஸ்ல பாதிக்கு மேல அரும்பு தான், ஊர்ல யாரக் குத்தம் சொல்ல.

செப்டம்பர் வந்தப்போ அவ வாசிக்க ஆரம்பிச்சிருந்தா. கடல், மரம், பழம் எல்லாம் டக்குன்னு வாசிப்பா. கொம்பு வந்தா நிப்பா, 'தே'யும் 'தோ'வும் ஒண்ணு தான் அவளுக்கு. வாழைப்பழம்னு எழுதி படம் போட்டிருந்தா 'வா'ன்னு எழுத்தப் பாத்துட்டு மிச்சத்த படத்தப் பாத்து முடிச்சிருவா, படத்த நான் கையால மறைச்சா என் விரலிடுக்குல எட்டிப் பாப்பா, அப்புறம் என் மூஞ்சியப் பாத்து சிரிப்பா. கெட்டிக்காரி. ஜூன்ல ஒரு எழுத்தும் அறியாம வந்த பிள்ள மூணு மாசத்துல இவ்வளவு தூரம் வந்தது எனக்கு சாதாரண சந்தோஷமில்ல.

அவ அம்மா கார்டுல கையெழுத்துப் போட வந்த அன்னைக்கு எல்லாத்தையும் அப்படியே சொன்னேன். கார்டுல கிரேடு நல்லா தான் இருக்கும், அது அவ நிலைக்குக் குடுத்த கேள்விக்கு உள்ள கிரேடு, மூணாம் கிளாஸ் புக்க இவளால இன்னும் வாசிக்க முடியாது, ஆனா வருவா, வீட்டுல தினமும் கொஞ்ச நேரம் கூட இருங்கன்னு. அவங்க தலையாட்டி கேட்டாங்க. போறப்போ கதவுக்கிட்ட நின்னு திரும்பி, "அவரிட்ட இதொண்ணும் பறயண்டாம் டீச்சர். கடல்ல நிக்கவரு. மனசு கெட்டா தொழில் செய்ய ஒக்காது. வரட்டும், நான் பாத்துப் பறஞ்சிக்கிடுதேன்"ன்னாங்க.

2017ல ஒக்கி புயல் அடிச்ச பிறகு அந்தக் கரையில இந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. கடலுக்குப் போன ஆள்கிட்ட வீட்டுக் கஷ்டத்த சொல்லமாட்டாங்க, மாமியாருக்கு பிரஷர்னு கூட சொல்லமாட்டாங்க. நான் மலையோரத்துல இருந்து பஸ் பிடிச்சு வாறவ. நானா அவங்களுக்கு இதுல புத்தி சொல்ல?

கொஞ்ச நாள் கழிச்சு அந்த அப்பாகிட்ட இருந்து வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ். கொச்சியில கரை பிடிச்சிருக்காங்க, பின்னால ஐஸ் உடைக்கிற சத்தம், யாரோ மலையாளத்துல யாரையோ ஏசுறது எல்லாம் கேக்குது. தன்ன யாருன்னு சொல்லிட்டு, "மோளு எப்பிடி டீச்சர், வாசிக்குமா? உண்மையச் சொல்லணும்"னு ரெண்டே வரி.

நான் முதல்ல ரெக்கார்ட் பண்ணது வேற. மூணாம் கிளாஸ் பாடம் இன்னும் வாசிக்க வரலன்னு தான் ஆரம்பிச்சேன். பாதியில விரல இடது பக்கமா இழுத்து அத அழிச்சேன். அப்புறம் அனுப்புனது இது: "ஜூன்ல வரும்போது எழுத்தே தெரியாது, இப்போ வார்த்த வாசிக்கா, நல்ல முன்னேற்றம் இருக்கு, கவலப்படாதீங்க, நல்லா வருவா." ரெண்டு டிக்கும் நீலமாச்சு. கைகூப்புற படம் ஒண்ணு வந்துச்சு. அவ்வளவு தான்.

இதுல எந்த வார்த்த பொய்? ஒண்ணும் இல்ல. இப்பவும் யார் முன்னாலயும் அந்த மெசேஜ போட்டுக் காட்டுவேன். ஒரு பிள்ள எங்க இருந்து கிளம்பி எங்க வந்திருக்குன்னு சொல்றது தான் முன்னேற்றம், பக்கத்துல இருக்க பிள்ள எங்க நிக்குதுன்னு சொல்றது ரேங்க் கார்டு, அத நாம விட்டு எத்தன வருஷமாச்சு. இப்படி நான் எனக்கே நிறைய தடவ சொல்லியாச்சு. சொல்லி முடிச்ச உடனே, அப்போ முதல் ரெக்கார்டிங்க எதுக்கு அழிச்சன்னு உள்ள இருந்து ஒண்ணு கேக்கும். அம்மா கேட்டுக்கிட்டாங்க, அதனால அழிச்சேன். அம்மாவும் பெற்றோர் தானே? ஆமா. அப்போ அப்பா யாரு? இந்த இடத்துல வந்து நிக்கும்.

கிறிஸ்மஸுக்கு போட் எல்லாம் கரைக்கு வந்தாச்சு. அவங்க வீட்டுல அன்பியக் கூட்டம், அதான் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்க சேந்து ஜெபிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் பாய்ல இருக்கும்போது அப்பா பைபிள எடுத்து மகள் கையில குடுத்து, லூக்கா நற்செய்தி வாசி மக்ளேன்னிருக்காரு. டீச்சர் சொல்லியிருக்காங்க, பிள்ள வாசிக்கும்னு பெருமையா எல்லாருகிட்டயும் சொல்லிட்டு. 'லூக்கா'வ எப்படியோ தாண்டியிருக்கா. 'நற்செய்தி'யில 'ந'வுக்கு அப்புறம் 'ற்' வந்துச்சு, அங்க நின்னவ நின்னது தான். தலைப்பத் தாண்டல. பக்கத்து வீட்டு அஞ்சாம் கிளாஸ் பையன் வாங்கி கடகடன்னு வாசிச்சிருக்கான். இத எல்லாம் எனக்கு அவ அம்மா பிறகு சொன்னது, நான் கண்ணால பாக்கல, ஆனா அந்த 'ற்'ல அவ நிக்கிறது எனக்கு நல்லாத் தெரியுது, ஏன்னா கிளாஸ்லயும் அவ அங்க தான் நிப்பா.

லீவு முடிஞ்சு ஜனவரில அப்பாவும் அம்மாவும் சேந்து வந்தாங்க. அவரு சத்தம் போடல. மே மாசமே பிள்ளைய மார்த்தாண்டம் பக்கம் இங்கிலீஷ் மீடியத்துல போடணும்னு வீட்டுல பேச்சு, வாசிக்கலேன்னா மாத்திப்போடுவோம், வாசிச்சா இங்கயே நிக்கட்டும்னு அவரு மனசுல வச்சிருந்தாராம், அதுக்குத் தான் கொச்சியில இருந்து கேட்டாராம். நான் நல்ல முன்னேற்றம்னு சொன்னதும் அந்தப் பணத்த போட் பங்குல போட்டுட்டாரு. இவ்வளவும் சொல்லிட்டு தான் அந்தக் கேள்வி. எண்ணிக்கை குறஞ்சா உங்களுக்கு கஷ்டம்னு தான் சொன்னீங்களா டீச்சர்.

அம்மா அவரு பக்கத்துல தான் நின்னாங்க. என்னப் பாக்கல. என் மேசையில கிடந்த மின்னட்டைய, அதான் ஃப்ளாஷ் கார்ட, எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டு நின்னாங்க. உங்க வீட்டுக்காரம்மா தான் சொல்லாதீங்கன்னு சொன்னாங்கன்னு ஒரு வரி சொல்லியிருந்தா என் பேரு அந்த நிமிஷமே கழுவிப் போயிருக்கும். அப்புறம் அவங்க வீட்டுல என்ன நடந்திருக்கும்? ஒண்ணும் நடக்காமலும் இருந்திருக்கலாம், அவரு அப்படி முரட்டு ஆளு இல்ல. அது எனக்கு அப்போ தெரியாது. நான் பேசாம நின்னேன், அவரு அத ஆமாங்கிறதா எடுத்துக்கிட்டாரு.

அவரு கேட்டதுல அவரு மேல தப்பு சொல்ல முடியாது. ஆகஸ்ட் 1 கணக்கு என்னன்னு எங்கள விட ஊருக்கு நல்லா தெரியும். அன்னைக்கு ரெஜிஸ்டர்ல எத்தன பிள்ளைங்கன்னு பாத்து தான் எத்தன டீச்சர்னு முடிவாகும், 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு டீச்சர், அதுக்கு மேல ஒண்ணு கூடினா மூணு. ரெண்டு மூணு பிள்ளைங்க டிசி வாங்கிட்டுப் போனா ஒருத்தர் உபரி, பணி நிரவல்ல எங்கயாவது தூக்கிப் போட்டுருவாங்க. எங்க ஸ்டாஃப் ரூம்ல பேச்சு முக்காவாசி இது தான். மே மாசம் வீடு வீடா ஏறி பிள்ளையத் தாங்கன்னு நோட்டீஸ் குடுத்தவ தான் நானும். அவங்க வீட்டுத் திண்ணையிலயும் இருந்து சாயா குடிச்சிருக்கேன்.

அப்போ விரல இழுத்து அழிச்ச அந்த நேரத்துல பிள்ளைங்க எண்ணிக்கை என் மனசுல இருந்துச்சா? சத்தியமா அம்மா முகம் தான் இருந்துச்சுன்னு தான் எனக்கு ஞாபகம். ஆனா ஞாபகம் நமக்கு வேண்டியவங்க மாதிரி தான் பேசும். அந்த அம்மா கேக்காம இருந்திருந்தா நான் முதல் ரெக்கார்டிங்க அனுப்பியிருப்பேனா? அனுப்பியிருப்பேன்னு சில நாள் தோணும், பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சு சாவகாசமா யோசிச்சா அவ்வளவு உறுதியா சொல்ல வரல. எதுக்குன்னா வேற அப்பாமாருக்கும் நான் அப்படித்தான் பேசியிருக்கேன், நல்லா வருவா, நல்லா வருவான்னு. யாரும் சொல்லாதீங்கன்னு கேக்காமலே.

2009 கல்வி உரிமைச் சட்டத்துல ஆசிரியர் கடமைன்னு ஒரு பிரிவு உண்டு, 24ஆவது. பெற்றோரையும் பாதுகாவலரையும் அடிக்கடி கூட்டி, பிள்ள ஒழுங்கா வருதா, கத்துக்கிற திறன் எப்படி, எவ்வளவு முன்னேறியிருக்கு, இதெல்லாம் தெரியப்படுத்தணும்னு அதுல இருக்கு. பயிற்சியில வாசிச்சுக் காட்டுவாங்க, நாங்களும் எழுதிக்கிடுவோம். யாருகிட்ட தெரியப்படுத்தணும்னா பெற்றோர்கிட்ட. ஒரு பெற்றோர் இன்னொரு பெற்றோர்கிட்ட சொல்லாதீங்கன்னா என்ன செய்யணும்னு எந்தப் பயிற்சியிலயும் யாரும் கேட்டதில்ல, நானும் எழுந்து கேட்டதில்ல. கேட்டா ஹெச்எம் என்ன சொல்லுவாருன்னும் தெரியும், ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுங்க டீச்சர்ம்பாரு. அப்பா அரபிக்கடல்ல எங்கயோ சூரைக்கும் சுறாவுக்கும் அலையுறாரு, எங்க உக்கார வைக்க?

பிள்ள எங்ககிட்டயே அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படிச்சா. பணம் போட்ல போயிட்டதால மாத்தல. நாலாம் கிளாஸ் பாதியிலயே பாடம் வாசிச்சா, அஞ்சாம் கிளாஸ்ல அசெம்பிளில பேப்பர் வாசிச்சவளே அவ தான். அப்போ நான் நல்லா வருவான்னு சொன்னது சரியாப் போச்சேன்னு என் வீட்டுக்காரர் சொல்லுவாரு. இருக்கலாம். ஆனா அந்த அப்பா பிள்ள வருங்காலத்துல வாசிக்குமான்னு கேக்கல, வாசிக்குமான்னு தான் கேட்டாரு. அதுக்கு உள்ள பதில் எங்கிட்ட கையில இருந்துச்சு.

அதுக்குப் பிறகு நான் ஒண்ணு மாத்தினேன். மீட்டிங்ல நான் பேசுறதக் குறைச்சுட்டு பிள்ளையவே பக்கத்துல நிக்க வச்சு ஒரு பக்கம் வாசிக்க வைப்பேன், அம்மாவோ பாட்டியோ காதால கேட்டுக்கிடட்டும், நல்லா வருவான்னு நான் சொல்ல வேண்டியதே இல்ல. இது நல்லா நடக்குது. சில பிள்ளைங்க அம்மா முன்னால வெக்கப்பட்டு வாசிக்கிறதும் வாசிக்காது, அது வேற கதை. ஆனா கடல்ல இருந்து கேக்குற அப்பாவுக்கு பதில் அனுப்புறதுக்கு முன்னால வீட்டுக்கு ஒரு போன் போட்டு, சொல்லட்டுமான்னு இன்னும் கேக்கத் தான் செய்யுதேன். இது சரியான்னு கேட்டா ரெண்டு பக்கமும் பேச எனக்குத் தெரியும்.

போன மாசம் நித்திரவிளையில பஸ்ஸுக்கு நிக்கும்போது அந்த அம்மாவப் பாத்தேன். பிள்ள இப்போ ஆறாங்கிளாஸ், நல்லாப் படிக்கா. அவரு எப்பிடின்னு கேட்டேன், நல்லா இருக்காரு, உங்கள எப்பவும் பேசுவாரு, ஸ்கூல் பூட்டாம இருக்க எம் பிள்ளைய பிடிச்சு வச்ச டீச்சர்னு சிரிச்சுக்கிட்டே பறயுவாருன்னாங்க. அவங்களும் சிரிச்சாங்க. இப்பவாவது அவர்கிட்ட சொல்லலாம்லாம்மான்னேன். "இனி எதுக்கு டீச்சர், அவரு அத மறந்தே போயாச்சு"ன்னாங்க. மறக்கலன்னு இப்போ தானே சொன்னீங்கன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சரிம்மான்னு சொல்லிட்டு பிள்ளைக்கு எந்த ஸ்கூல், எந்த மீடியம்னு கேட்டுக்கிட்டிருந்தேன்.