ஜூன் 30க்கு முன்னும் பின்னும்

மே 24, 2025
பீலஃபெல்ட் தோற்றுவிட்டது, 4-2. மூன்றாவது லீக் அணி, பெர்லினில் ஜெர்மன் கோப்பை இறுதிப் போட்டி, அதுவும் லெவர்குசனை வீழ்த்திவிட்டு வந்தவர்கள். 28 நிமிடத்துக்குள் ஸ்டுட்கார்ட் மூன்று கோல் போட்டது. அந்த டிஃபெண்டர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஆனாலும் விடவில்லை, கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் திருப்பினார்கள். நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

மே 25
என் ஒப்பந்தம் ஜூன் 30 வரைதான், எந்தக் கிளப்பிலிருந்தும் ஃபோன் வரவில்லை.

மே 29
நேராக ஓடினால் வலி இல்லை. தலைக்கு மேல் பந்து போய், இடது பக்கம் சட்டென்று திரும்பும்போதுதான் முழங்கால் யோசிக்கிறது. ஃபிசியோ சில்லுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "தசைநார் நன்றாக இருக்கிறது, பயம்தான்" என்றார். என்னைப் போல நடுவில் நிற்கும் டிஃபெண்டருக்கு அந்த அரை நொடி பயம் போதும், ஸ்ட்ரைக்கர் போய்விடுவான்.

ஜூன் 1
லோக் லைப்சிக் கிளப் மூன்றாவது லீகுக்கு மேலே போகவில்லை. நான்காம் நிலை லீகான ரீஜியோனல்லீகாவில் வடகிழக்குப் பிரிவின் சாம்பியன்! வடக்குப் பிரிவு சாம்பியன் ஹவெல்சேயுடன் முதல் ஆட்டம் 1-1, இன்று சொந்த மைதானத்தில் கூடுதல் நேரத்தில் 3-0 என்று தோல்வி. 2020லும் இப்படித்தான், ஃபெர்லுடன் இரண்டு ஆட்டமும் டிரா, எதிரணி மைதானத்தில் அதிக கோல் போட்டதால் ஃபெர்ல் மேலே போனது. ஐந்து ரீஜியோனல்லீகா, மேலே நான்கே இடம். மேற்கும் தென்மேற்கும் நேராகப் போகும், மற்ற மூன்றில் ஒன்றுக்கு முறை வைத்து நேர் இடம், மிச்ச இரண்டு சாம்பியன்களும் மோதிக்கொள்ள வேண்டும். வருஷம் முழுக்க ஓடி முதலிடம் பிடித்தவனை இன்னும் இரண்டு ஆட்டம் ஆடச் சொல்வது அநியாயம். அந்த அணியோடு ஆடியிருக்கிறேன், எவ்வளவு உழைப்பு என்று தெரியும். தூக்கம் வரவில்லை.

ஜூன் 12
ஏஜென்ட் பேசினார். ஒரு கிளப் முழங்கால் ஸ்கேன் அனுப்பச் சொல்கிறதாம், இன்னொன்று வயதைக் கேட்டதோடு சரி. 31 ஒரு டிஃபெண்டருக்கு வயதா? ஆட்டத்தைப் படிக்கவே இப்போதுதான் வந்திருக்கிறது. அம்மாவிடம் ஸ்கேன் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

ஜூன் 30
இன்றோடு ஒப்பந்தம் முடிந்தது. லாக்கரைக் காலி செய்துவிட்டேன். ஃபோன் இல்லை.

ஜூலை 8, டூயிஸ்பர்க்
வேடாவ் விளையாட்டுப் பள்ளி, கிளப் இல்லாதவர்களுக்கு வீரர்கள் சங்கம் நடத்தும் முகாம். இரண்டாவது லீகில் ஆடியவர்களும் இருக்கிறார்கள், யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. இன்று ஹெட்டிங் பயிற்சி, ஒன்றைக்கூட விடவில்லை, எவ்வளவு நாளாயிற்று இப்படி! சனிக்கிழமை பயிற்சி ஆட்டம், பார்க்க ஆள் வருவார்களாம். இடது பக்கம் நிறுத்தினால் கோச்சிடம் பேசி வலது கேட்கணும். அப்புறம் பூட்ஸில் ஸ்டட் மாற்றணும், புல் ஈரமாக இருக்கிறது.