ஆமணக்குப் பிண்ணாக்கைச் சுண்ணாம்பில் முறித்தெடுத்த அனுபவம்

ஆமணக்குப் பிண்ணாக்கில் புரதம் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அப்படியிருந்தும் அதை ஆட்டுத் தொட்டியில் போட முடியாததற்குக் காரணம் ரிசின் என்ற நஞ்சுப் புரதம். எண்ணெயில் அது கரையாது. கொட்டையைப் பிழிந்ததும் எண்ணெய் தனியே போய்விட, நஞ்சு மொத்தமும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது.

ரிசினுக்கு இரண்டு புரதச் சங்கிலிகள். பி சங்கிலி செல்லின் மேற்பரப்பில் உள்ள கேலக்டோஸைப் பற்றிக்கொண்டு உள்ளே போக வழி செய்கிறது. ஏ சங்கிலி உள்ளே போனதும், செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமின் பெரிய ஆர்.என்.ஏ.வில் அடினின் என்ற மூலக்கூறு ஒன்றை மட்டும் கழற்றி எறிகிறது. ஜப்பானின் எண்டோவும் சுருகியும் 1987இல் இந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஒன்று போனால் ரைபோசோம் புரதம் கட்டாது. ஏ சங்கிலி ஒரு நொதி. ஒரு ரைபோசோமைக் கெடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் கெடுக்கும் என்பது கணக்கு. அதனால் ‘பெரும்பகுதி போய்விட்டது, மிச்சம் கொஞ்சம்தானே’ என்ற பேச்சு இங்கே எடுபடாது. கோதுமையிலும் பார்லியிலும்கூட ஏ சங்கிலி மாதிரியான புரதம் உண்டு. ஆனால் கூட்டிப்போக பி சங்கிலி இல்லை, நாமும் ரொட்டி தின்கிறோம்.

நஞ்சை முறிக்க நம்பத்தகுந்த வழிகள் இரண்டு. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு நீராவி அழுத்தத்தில் 60 நிமிடம் வைப்பது ஒன்று. கிலோவுக்கு 40 கிராம் நீற்றிய சுண்ணாம்பு கலப்பது இன்னொன்று. அந்த நீராவி அழுத்தக் கலன் (ஆட்டோகிளேவ்) இல்லாத இடத்தில் சுண்ணாம்புதான். வெறும் வாணலிச் சூட்டில் வறுப்பதை நம்ப வேண்டாம். ஈரமில்லாத சூட்டை ரிசின் நன்றாகவே தாங்கும். கரைப்பானால் எண்ணெய் எடுக்கும் சால்வென்ட் ஆலையிலிருந்து வரும் பிண்ணாக்கு நீராவியில் வெந்துதானே வருகிறது என்பார்கள். ஆலைக்கு ஆலை, நாளுக்கு நாள் மாறும் சூடு அது.

10 கிலோவுக்கு 400 கிராம் சுண்ணாம்பு. தண்ணீர் 12 முதல் 15 லிட்டர். பிண்ணாக்கு இழுக்கும் அளவு, அடியில் தேங்கக் கூடாது. முதலில் சில்லுகளை உடைத்து ரவைபோல் ஆக்க வேண்டும். செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ வந்த சில்லு கல் மாதிரி இருக்கும். அப்படியே பிசறினால் மேலே வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியிருக்கும், நடுவே உலர்ந்த கரு அப்படியே கிடக்கும். எங்கள் தொகுதிகளில் தவறியவை எல்லாம் இந்தக் கட்டியால்தான். சுண்ணாம்பு குறைந்து தவறியது அரிது. சுண்ணாம்பைத் தூளாகத் தூவாமல், தண்ணீரில் பாலாகக் கரைத்து, இரண்டு மூன்று தவணையாக ஊற்றிப் பிசறுங்கள். பிசறி முடித்ததும் ஒரு கைப்பிடியைப் பிட்டுப் பார்த்தால் உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருக்க வேண்டும்.

சுண்ணாம்பு பழையதாக இருக்கக் கூடாது. வாய் திறந்து மாதக்கணக்கில் கிடந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வெறும் சுண்ணாம்புக்கல் தூளாகிவிடும். எடை சரியாக இருக்கும், காரம் இருக்காது. கரைசலில் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 12ஐத் தொடவில்லை என்றால் அந்த மூட்டையை வெள்ளையடிக்க வைத்துக்கொள்ளலாம். புரதத்தின் மடிப்பைக் குலைப்பது அந்தக் காரம்தான்.

இரவு முழுக்க, 12 மணி நேரம் சாக்கால் மூடி வைத்து, மறுநாள் வெயிலில் இரண்டு விரல்கடைக்கு மேல் தடிக்காமல் பரப்பிக் கிளறிக் காயவைக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். ரிசினை விரட்டி, அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சை அழைத்த கதையாகிவிடும். ஊறவைத்து நீரை வடித்துக் கொட்டும் முறை வேண்டவே வேண்டாம். நஞ்சு அந்த நீரோடு போய் எங்கே தேங்குகிறதோ, அங்கே கால்நடை வாய் வைக்கும்.

இடிக்கும்போதும் கிளறும்போதும் முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ரிசினைத் தவிர, ஆமணக்கில் ஒவ்வாமை தரும் வேறொரு புரதமும் உண்டு. அது சூட்டை எளிதில் தாங்கும். அதன் தூசியால் ஆலைத் தொழிலாளர்களுக்கும் ஆலையைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கும் இரைப்பு வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. ரிசின் போனாலும் அந்தத் தூசி போகாது.

முறிந்ததா என்று நிறமோ மணமோ சொல்லாது. ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்தாறு இடத்திலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்; புரதங்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல் சோதனையில் ரிசினின் பட்டை மறைந்திருக்க வேண்டும். பரிசோதனைக்கு வசதி இல்லாதவர்கள் தீவனத்தை மறந்துவிடுவதே நல்லது. தேறிய பிண்ணாக்கும் ஆடு மாடுகளுக்கு மட்டும்தான், அதுவும் அடர்தீவனத்தில் சிறு பங்காகத் தொடங்கி, கால்நடை மருத்துவரைக் கேட்டபடி. குதிரைக்கு வேண்டவே வேண்டாம். ரிசினை மிகக் குறைவாகத் தாங்கும் விலங்குகளில் அது ஒன்று. சுண்ணாம்பில் வரும் கால்சியத்தையும் கணக்கில் எடுத்து, தாது உப்புக் கலவையில் அந்த அளவைக் குறைக்க வேண்டும். கழிச்சல், தீவன மறுப்பு, சோர்வு தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். மாற்று மருந்து கிடையாது. நீரிழப்பை ஈடுகட்டும் ஆதரவுச் சிகிச்சைதான்.

எருவாகப் போடுவதானால் முறிக்கத் தேவையில்லை. 4.3 சதவீதம் தழைச்சத்து கிடைக்கிறது, மண் அதைச் சிதைத்துவிடும். ஆனால் மேலாகத் தூவாமல் புதையுங்கள். எலும்புத்தூளோடு கலந்தால் அந்த வாசனைக்கு நாய் தோண்டித் தின்னும், தின்று செத்ததும் உண்டு.

முறித்த மூட்டைக்கு வேறு நிறச் சாக்கு போடுங்கள். காய்ந்த பிறகு முறித்ததும் முறிக்காததும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.