மண் வகுத்த ஃப்ரீஸ்லாந்து

நெதர்லாந்துக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வடக்கே உள்ள ஃப்ரீஸ்லாந்தைத் தவறவிடுவது பெரிய இழப்பு என்று உறுதியாகச் சொல்வேன். வரைபடத்தில் அது ஒரே மாகாணம். ஆனால் கடலோரக் களிமண் பகுதி, மரவரிசைகள் நிறைந்த கிழக்கு மணற்பகுதி, ஏரிகள் சூழ்ந்த தென்மேற்கு என அது மூன்று நிலங்களாகவே வாழ்கிறது. டச்சு மொழியோடு ஆட்சிமொழித் தகுதி பெற்ற ஃப்ரீசிய மொழியின் முக்கிய வட்டார வழக்குகளும் ஏறத்தாழ இதே எல்லைகளில்தான் பிரிகின்றன.

முதலில் களிமண் பகுதி. தலைநகர் லேவார்டனிலிருந்து ஹேகெபெய்ன்டம் என்ற சிற்றூருக்குச் செல்ல வேண்டியிருந்தது. கிராமப் பேருந்துகள் அரிதாகவே ஓடுவதால் வாடகைக் காரில் ஏறினேன். ஓட்டுநர் பேசிய தொகைக்கு மேல் காத்திருப்புக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்த்துக் கேட்டார். கொடுத்து முடித்தபோது செலவு அன்றைய அறை வாடகையை நெருங்கிவிட்டது. ஏறும் முன்பே காத்திருப்பையும் சேர்த்து மொத்தத் தொகையைப் பேசிவிடுங்கள்.

ஆனால் அவ்வூர் அமர்ந்திருக்கும் மண்மேட்டைக் கண்டதும் கோபம் முழுவதும் தணிந்தது. அணைகள் இல்லாத காலத்தில், கி.மு. 600 வாக்கிலிருந்தே, கடல்நீர் ஏறிவரும் சமவெளியில் மக்கள் களிமண்ணையும் சாணத்தையும் குப்பையையும் கொட்டி உயர்த்திய மேடுகளின் மேல் குடியிருந்தார்கள். அவற்றுள் நாட்டிலேயே உயரமானது இதுதான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 8.8 மீட்டர். பிற்காலத்தில் மேடுகளின் மண் நல்ல எரு என்று கண்டுகொண்டு பலவற்றை வெட்டி விற்றார்கள். இங்கும் ஒரு பகுதியை அள்ளிச் சென்றுவிட்டதால், உச்சியில் நிற்கும் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் அருகே சரிவு செங்குத்தாக இறங்குகிறது. தலைமுறை தலைமுறையாகச் சுமந்து கொட்டிய மண்ணைச் சில ஆண்டுகளில் விற்றுத் தீர்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

மணற்பகுதியின் ஃபேன்வால்டனுக்கு ரயிலிலேயே சென்றுவிடலாம். அங்கே குறுகிய வயல்களின் வரப்பெல்லாம் மரவரிசைகள். பனியுகத்தில் நிலத்தடியில் உறைந்து புடைத்த பனிக்கட்டி உருகி உண்டாக்கிய வட்டக் குளங்கள் ஆங்காங்கே கிடக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது தென்மேற்குத்தான். குறிப்பாக ஹிண்டலோப்பன் என்ற பழைய துறைமுக ஊர். 1932இல் 32 கிலோமீட்டர் நீள அணை கட்டி முடிக்கப்பட்டு, ஊரின் முன்னிருந்த உப்புக்கடல் நன்னீர் ஏரியானது. அதற்கு வெகுகாலம் முன்பே இவ்வூரின் கப்பல் தலைவர்கள் பால்டிக் கடல் வணிகத்தில் செல்வம் சேர்த்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அணிந்த நீண்ட மேலங்கியை அருங்காட்சியகத்தில் பார்த்து அசையாமல் நின்றுவிட்டேன். அது இந்தியச் சீட்டித் துணி! டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்ற கலம்காரி வகைப் பருத்தி இந்த ஊரின் அடையாள உடையாகவே மாறியிருக்கிறது. சிவப்புப் பூக்கள் விழா நாளுக்கு, நீலம் துக்கத்துக்கு. பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகளைப் பார்த்தவர்கள் அந்த வணிகத்தின் மறுமுனையைக் காண இங்கே வர வேண்டும்.

உணவகத்தின் விலைப்பட்டியலைப் பார்த்தபின் ரொட்டிக்கடையே போதும் என்று தோன்றியது. ஃப்ரீசியச் சர்க்கரை ரொட்டியை வாங்குங்கள். உள்ளே உருகிய சர்க்கரைக் கட்டிகள் விரலில் ஒட்டும், பட்டை மணக்கும். மேலே வெண்ணெயைத் தடிமனாகத் தடவித் தின்ன வேண்டும். உடன் கிராம்பும் சீரகமும் சேர்த்த பாலாடைக்கட்டி. மதகின் அருகே, பழைய மாலுமிகள் கதையளந்த மரப் பெஞ்சில் அமர்ந்து உண்ட அந்த மதிய உணவுக்கு இப்பயணத்தின் வேறெந்தச் சாப்பாடும் ஈடாகவில்லை.

ரயில் நிலையம் ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது, வயல்வெளியில் காற்று பலமாக வீசும். இருந்தாலும் நடந்தே செல்லுங்கள். வாடகைக் காருக்கு இங்கே ஒரு யூரோகூடச் செலவிடத் தேவையில்லை.