தாழ்த்திய ஹெரால்டும் தண்டையார்பேட்டைச் சாலையும்

என் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தாழ்த்தித் தரைக்கு நெருக்கமாக இறக்கியது நான் அல்ல, எனக்கு முன் வைத்திருந்தவர். சோழவரம் விமான ஓடுபாதையில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டுகளும் அங்கே ஓடியிருக்கின்றன. அந்தத் தோற்றத்தின் மீது அவருக்கு மோகம். முன் ஸ்பிரிங்குகளில் சில சுற்றுகளை வெட்டினார். பின்னால் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங் கட்டுக்கும், சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே ஓர் அங்குலக் கட்டையைச் செருகினார். பக்கச்சுவர் குட்டையான 165/60 டயர்கள், திருகிக் கடினமாக்கும் வகை ஷாக் அப்சார்பர்கள், அசையும் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களுக்குப் பதிலாகக் கடினமான பாலியூரித்தேன் என்று வரிசையாக மாட்டியும் வைத்தார். பார்க்க அழகுதான். ஆனால் ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை வழியாகத் திருவொற்றியூர் போய் வருகிறவனின் இடுப்புக்கு அது ஒத்துவரவில்லை. மழைக்குப் பிறகு வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை ஒவ்வொன்றும் பல்லில் தெரிந்தது.

இரண்டு கதவு ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிலர் சிரிப்பார்கள். 1962இல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் இதே அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி எழுப்பிய வண்டி என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறேன்.

கேட்டவர்கள் எல்லோரும் தந்த யோசனை ஒன்றே: ஸ்பிரிங்கை மெலிதாக்கு, அதாவது இலகுவாக அமுங்கும் ஸ்பிரிங்காகப் போடு. அதற்கு முன், இருக்கிற ஸ்பிரிங் வேலை செய்கிறதா என்று பார்க்க நினைத்தேன். முன் ஷாக் அப்சார்பர்களின் தண்டில் ஒயர் கட்டும் பிளாஸ்டிக் நாடாவை இறுக்கமில்லாமல் கட்டினேன்; தண்டு எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் அது தள்ளப்படும். பின்பக்கத்தில் சக்கரம் மேலே ஏறும் எல்லையில் இடி தாங்கும் பம்ப் ரப்பர்களில் சாக்பீஸைக் குழைத்துத் தடவினேன். பிறகு எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு சுற்று. திரும்பி வந்து பார்த்தால் நாடா தண்டின் கடைசி வரை ஏறியிருந்தது. பின்னால் சாக்பீஸ் முழுவதும் எதிர்ப்பக்க இரும்பில் ஒட்டிக் கிடந்தது. வண்டி ஸ்பிரிங்கில் ஓடவே இல்லை. சின்னப் பள்ளத்துக்கே சக்கரம் மேலே போய் ரப்பரில் இடிக்கிறது, அந்த இடிதான் உடம்புக்கு வருகிறது.

தாழ்த்திய காரில் இல்லாமல் போவது சக்கரம் ஏறி இறங்குவதற்கான இடம். மெலிதான ஸ்பிரிங்குக்கு அந்த இடம் இன்னும் அதிகமாக வேண்டும். ஆகவே உயரத்தைத் திருப்பித் தராமல் ஸ்பிரிங்கை மட்டும் மெலிதாக்கினால் இடி கூடுமே ஒழியக் குறையாது. வெட்டிய ஸ்பிரிங் வேறொரு வழியிலும் கெடுக்கிறது. வேலை செய்யும் சுற்றுகள் குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். எட்டுச் சுற்றில் இரண்டை வெட்டினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

முதலில் செலவு குறைவான வேலை, அதாவது டயர். 165/60 டயரின் பக்கச்சுவர் 99 மில்லிமீட்டர், அதாவது 165 மில்லிமீட்டர் அகலத்தில் 60 சதவீதம். சிறிய கார்களுக்கு இன்றும் கிடைக்கிற 145/80 ஆர்13 டயரில் அது 116. காரும் 17 மில்லிமீட்டர் உயரும், வளைந்து கொடுக்கக் கூடுதல் ரப்பரும் கிடைக்கும். ஸ்டீயரிங் இலேசானது உபரி லாபம். பஞ்சர் கடைகளில் எந்தக் கார் வந்தாலும் 35 பவுண்டு காற்று அடிக்கும் வழக்கம் இருக்கிறது. ஏறக்குறைய 800 கிலோ எடையுள்ள வண்டிக்கு அது அநியாயம். முன்னால் 22, பின்னால் 26 என்று வைத்திருக்கிறேன். பின்பக்கம் கூடுதலாக இருப்பது காரணத்தோடுதான். இந்த வண்டியின் வால் வளைவில் விளையாடக்கூடியது.

அடுத்தது பின் ஸ்பிரிங் கட்டு. ஹெரால்டில் அது ஒன்றுதான். டிஃபரன்ஷியல் மேல் குறுக்காகக் கிடந்து இரண்டு சக்கரங்களையும் தாங்குகிறது. பின் சீட்டை எடுத்து மூடித் தகட்டைக் கழற்றினால் அதன் நட்டுகள் கைக்கு எட்டும். இதைச் செய்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஷாக் அப்சார்பரைக் கழற்றக் கூடாது. சக்கரம் கீழே இறங்குவதற்கு எல்லையாக இருப்பதே அதுதான். அடியில் ஜாக்கி கொடுத்துப் பாரத்தை ஏந்திய பிறகே கை வைத்தேன்.

மாதவரத்தில் லாரிகளுக்குக் கட்டு பிரித்துக் கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். "ஒரு பட்டையை எடுத்துவிடலாம் தம்பி, மெத்தென்று இருக்கும்" என்றார் மேஸ்திரி.

"எடுத்தால் வண்டி இன்னும் உட்காருமே, மேஸ்திரி?"

"உட்காரத்தான் செய்யும்."

எடுக்கவில்லை. பிரித்துப் பார்த்ததும் அவரே பேச்சை மாற்றினார். பட்டைகளின் நடுவில் துரு ஏறி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருந்தன. முனைகளில் இருக்க வேண்டிய ரப்பர்ப் பொத்தான்கள் தேய்ந்து காணாமல் போயிருந்தன. காசிமேட்டுக் கடல்காற்று வாங்கும் தெருவில் நிற்கும் காருக்கு வேறென்ன ஆகும்! துருவைத் தேய்த்து எடுத்து, கிராஃபைட் கிரீஸ் பூசி, புதிய பொத்தான்கள் வைத்துக் கட்டினோம். பட்டை ஒன்றைக்கூடக் குறைக்காமலே கட்டு இலகுவாக அசைந்தது.

செருகிய கட்டையை முழுவதும் எடுத்துவிடுவதா என்பதில்தான் யோசனை நீண்டது. சக்கரத்தோடு அச்சும் சேர்ந்து மேலும் கீழும் ஆடும் இந்த மாதிரி ஸ்விங் ஆக்ஸில் வண்டியில் பின்பக்கம் உயர்ந்தால் சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே வாங்கும். வேகமான வளைவில் வெளிச்சக்கரம் மேலும் மடங்கி வாலைத் தூக்கிவிடும் ஆபத்து அதில் உண்டு. ஸ்பிட்ஃபயரில் இதைச் சரிசெய்யத்தான் 1970இல் வந்த மார்க் 4க்கு ட்ரையம்ப் பின் ஸ்பிரிங்கையே மாற்றி அமைத்தது. சற்றே தாழ்ந்த வால் இந்த வண்டிக்கு நல்லது என்பது என் கட்சி. எனவே கட்டையை வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து 12 மில்லிமீட்டருக்குக் கடைந்து வாங்கினேன். போல்ட் நீளத்தையும் அதற்கேற்ப மாற்றினேன்.

முன்னால் சமரசம் ஏதுமில்லை. வெட்டிய ஸ்பிரிங்குகளை எறிந்துவிட்டு முழு நீள ஸ்பிரிங்குகளை வரவழைத்தேன். இங்கிலாந்தில் இந்த வண்டிகளுக்கு இன்னும் உதிரிபாகம் செய்கிறார்கள். சுங்கவரி வலித்தது, அதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது.

முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் கவட்டை வடிவக் கைகளான விஷ்போன்களின் புஷ்களை மீண்டும் ரப்பருக்கு மாற்றினேன். பல பட்டறைகளில் கவனிக்காமல் விடுவது அதன் இறுக்கம். ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அதுவே இன்னொரு ஸ்பிரிங் ஆகிவிடும், சீக்கிரம் கிழிந்தும் போகும். நான்கு சக்கரமும் தரையில் நிற்க, ஆள் எடைக்கு மணல் மூட்டையை வைத்துவிட்டு முறுக்கினேன். பின் கட்டின் முனை புஷ்களுக்கும் அப்படியே. கையோடு முன் சக்கரங்கள் திரும்பும் கீழ் மூட்டுகளான ட்ரனியன்களுக்கும் கியர் ஆயில் விட்டேன். அங்கே கிரீஸ் அடிப்பது கெடுதல்.

ஷாக் அப்சார்பர்களை மாற்றவில்லை. அவை கெட்டவை அல்ல, அளவுக்கு மீறித் திருகப்பட்டிருந்தன. மீண்டு எழுவதைத் தடுக்கும் விசை கூடினால், அடுத்தடுத்து மேடு வரும்போது சக்கரம் கீழே இறங்க நேரம் கிடைக்காமல் மேலேயே தங்கிவிடும். கடைசியில் பழையபடி ரப்பரில்தான் இடிக்கும். நான்கையும் முழுக்கத் தளர்த்திவிட்டு ஒவ்வொரு கிளிக்காக ஏற்றினேன். மூலக்கடை மேம்பாலத்து இணைப்புகளைத் தாண்டியபின் வண்டியின் உடல் ஒரே ஒரு முறை எழுந்து அடங்கும் இடத்தில் நிறுத்தினேன். பின்பக்கத்துக்கு முன்பக்கத்தைவிட ஒரு கிளிக் அதிகம் கேட்டது.

இப்போது அதே எண்ணூர் சாலையில் நாடா தண்டின் முக்கால் பாகத்தில் நிற்கிறது. பின் ரப்பர்களில் சாக்பீஸ் கலையவில்லை. நான்கு பேர் ஏறினால் மட்டும் இலேசாகத் தொடுகிறது. முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிவதாக நண்பர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். வலது பின்பக்கத்தில் ஒரு லொடலொடப்பு பாக்கி இருக்கிறது. அடிச்சட்டத்தின் மேல் பாடி உட்காரும் இடத்து ரப்பர் அட்டைகள் நசுங்கியிருக்கலாம் என்று சந்தேகம். அடுத்த வேலை அவற்றைக் கழற்றிப் பார்ப்பது.